நீலமலையின் பழைய முகம்

வீட்டில் எவருக்கேனும் சளி பிடித்துவிட்டால் முதலில் நாம் தேடுவது நீலகிரித் தைலச் சீசாவைத்தான். கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்ததும் உதகமண்டலத்துக் குளிர்காற்றே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போன்ற ஓர் உணர்வு! மலையின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட அந்தத் தைலம் நீலகிரிக்கு உரியதன்று என்று சொன்னால் பலருக்கும் வியப்பாக இருக்கும். அதைத் தரும் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. யூகலிப்டஸ் என்றும், கற்பூர மரம் என்றும், தைல மரம் என்றும் பல பெயர்களால் நாம் அழைக்கும் அந்த மரம் 1843-ஆம் ஆண்டில்தான் நீலகிரி மண்ணில் முதன்முதலாக ஊன்றப்பட்டது.

தைலம் மட்டுமா? கோடை விடுமுறையில் உதகைக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் எடுத்துவரும் படங்களைப் பாருங்கள். ஏரியில் படகு, தாவரவியல் பூங்காவின் புல்தரை, வரிசையாக உயர்ந்து நிற்கும் பைன் மரங்கள், குன்னூர்ச் சரிவுகளில் ஒரே மட்டமாகக் கத்தரிக்கப்பட்ட தேயிலைச் செடிகள். ‘இயற்கை எழில் கொஞ்சும் நீலகிரி’ என்று எழுதி அவற்றை ஆல்பத்தில் ஒட்டி வைக்கிறோம். அந்தப் படங்களில் இயற்கை தானாகத் தந்தது எது? ஏரி, ஓடையை மறித்துக் கட்டியது. பூங்கா, திட்டமிட்டு அமைத்தது. பைனும் தேயிலையும் கொண்டுவந்து நட்டவை. குளிரையும் முகிலையும் நீக்கிவிட்டால் எஞ்சியவற்றுள் பெரும்பகுதி மனிதனின் கைவேலை. அதுவும் கடந்த 200 ஆண்டுகளுக்குள் நடந்தது.

அப்படியானால் அதற்கு முன் இந்த மலை எப்படி இருந்தது? கண்ணால் கண்டவர்கள் இன்று எவரும் இல்லை. ஆனால் ஒரு சாட்சி இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கனத்த கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து இம்மலையில் ஏறி இறங்கிய புகைப்படக் கலைஞர்கள் விட்டுச் சென்ற படங்களே அந்தச் சாட்சி.

பதினாறு வயதில் கப்பலேறியவர்

அவர்களுள் முதன்மையாகச் சொல்ல வேண்டியவர் ஆல்பர்ட் தாமஸ் வாட்சன் பென். 1849-இல் இங்கிலாந்தில் பிறந்த இவர் 1865-ஆம் ஆண்டில், தமது பதினாறாம் வயதில், இந்தியாவுக்கு வந்தார். அக்காலத்தில் சென்னையிலும் உதகையிலும் புகைப்படத் தொழில் நடத்தி வந்த நிக்கலஸ் சகோதரர்களிடம் பணிக்குச் சேர்ந்தார். பின்னர் உதகையில் தாமே தனியாகப் படநிலையம் தொடங்கினார். 1911 வரை அத்தொழிலில் நிலைத்து நின்று 1924-இல் மறைந்தார். அவர் வழிவந்த கிறிஸ்டோபர் பென் என்பவர் எங்கெங்கோ சிதறிக் கிடந்த படங்களைத் தேடி, அவருடைய வாழ்வையும் பணியையும் 2008-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதன் பின்னரே இம்மனிதரின் அருமை பலருக்கும் தெரிய வந்தது.

பென் மட்டும் அல்லர். இமயமலைப் படங்களால் உலகப் புகழ் பெற்ற சாமுவேல் போர்ன் 1869-இல் நீலகிரிக்கும் வந்து படம் எடுத்தார். ஆனால் போர்ன் வந்து போனவர். பென்னோ இங்கேயே தங்கியவர். ஒரே மலையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அவருடையவை.

அந்நாளில் படம் எடுப்பது இன்றுபோல் பொத்தானை அழுத்தும் வேலையன்று. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான திரவத்தைச் சீராகப் பரப்ப வேண்டும். இருட்டறைக்குள் அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்த வேண்டும். ஈரம் உலர்வதற்குள் கேமராவில் பொருத்திப் படம் பிடிக்க வேண்டும். பிடித்த கையோடு அங்கேயே கழுவி முடிக்க வேண்டும். இவை யாவும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் நடந்தாக வேண்டும். தகடு உலர்ந்துவிட்டால் உழைப்பு வீண். எனவே இருட்டறையாகப் பயன்படும் கூடாரம், மருந்துப் பெட்டிகள், கண்ணாடித் தகடுகள் ஆகிய அனைத்தையும் சுமையாட்கள் மலை முகடுவரை தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. கழுவ நல்ல நீர் அருகிலேயே கிடைக்கவும் வேண்டும். 1880-ஆம் ஆண்டை ஒட்டி உலர் தகடுகள் பரவிய பின்னரே இந்தப் பாடு குறைந்தது.

அந்தத் தகடுகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. நீல நிற ஒளியையே அவை நன்கு உணரும். பச்சையையும் மஞ்சளையும் சிவப்பையும் சரிவர உணரா. ஆகையால் வானம் முகிலே இன்றி வெண்மையாக விழும். அடர்ந்த மரக்கூட்டம் கன்னங்கரேலென்று விழும். பழைய நீலகிரிப் படங்களில் வானம் வெறுமையாக இருப்பதன் காரணம் இதுதான். வெளிறிய மலைமுதுகுகளின் மடிப்புகளில் மட்டும் கரிய திட்டுகளாக மரங்கள் ஒடுங்கி நிற்பதை அப்படங்களில் தெளிவாகக் காணலாம்.

மொட்டை மலையா?

அத்தகைய படம் ஒன்றை இன்று நம் பிள்ளைகளிடம் காட்டினால் என்ன சொல்வார்கள்? “ஐயோ, மரங்களையெல்லாம் வெட்டி மலையை மொட்டையடித்துவிட்டார்களே!” என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படியே எண்ணுவோம். மரம் என்றால் வளம், மரம் இல்லாவிட்டால் அழிவு என்றே நாம் படித்திருக்கிறோம். ஆனால் உண்மை நேர்மாறானது. அந்த மலை மொட்டையடிக்கப்பட்டதன்று. படைக்கப்பட்ட நாளின் கோலமே அதுதான்.

நீலகிரியின் மேல்மலைப் பகுதி இரண்டு வகை நிலங்களால் ஆனது. காற்றும் பனியும் மோதும் முகடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. நீர் கசிந்து இறங்கும் மடிப்புகளில் குட்டையான, பாசி போர்த்த, நெருங்கிய மரங்கள் கொண்ட காடு. இக்காட்டுக்குச் சோலை என்று பெயர். உலகத்து அறிவியல் நூல்களும் நம் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டு ‘ஷோலா’ என்று எழுதுகின்றன. புல்லும் சோலையும் அக்காள் தங்கைபோல் ஒன்றையொன்று ஒட்டியே வாழ்பவை. இந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் உண்டானதோ என்ற ஐயம் அறிஞர்களுக்கும் இருந்தது. நீலகிரியின் சதுப்பு நிலங்களில் படிந்துள்ள பழைய மக்கிய மண்ணைச் சோதித்த ஆர். சுகுமார் முதலான இந்திய விஞ்ஞானிகள் 1993-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கடந்த 20,000 ஆண்டுகளில் தட்பவெப்பம் மாறியதற்கு ஏற்பப் புல்வகைகளும் மரவகைகளும் மாறி மாறி ஓங்கி வந்த வரலாறு அம்மண்ணில் பதிந்திருந்தது. கோடரி இம்மலையில் ஏறுவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் முன்பே புல் அங்கே இருந்தது.

இதை அறியாத கண்களுக்கு அந்தப் புல்வெளி வெற்று நிலமாகவே தோன்றியது. வருவாய்க் கணக்கிலும் அதற்குத் ‘தரிசு’ என்றே பெயர். வெற்று நிலம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் தானே வந்துவிடும் அல்லவா?

நிரப்பப்பட்ட வரலாறு

கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு வந்தார். 1822-இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். 1823-க்கும் 1825-க்கும் இடையில் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1848-இல் தாவரவியல் பூங்காவுக்கு அடித்தளம் இடப்பட்டது. 1860-களில் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவுக்காகச் சின்கோனா மரங்கள் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிடப்பட்டன. தேயிலைத் தோட்டங்கள் பெருகின. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் பல்சக்கர இரயில் ஏறி வந்தது.

இவற்றையெல்லாம் தீய எண்ணத்தோடு செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. யூகலிப்டஸையே எடுத்துக்கொள்வோம். குடியேற்றம் பெருகப் பெருக அடுப்புக்கும் குளிர்காய்வதற்கும் விறகு தேவைப்பட்டது; சோலைகள் வெட்டுண்டன. விரைந்து வளரும் மரத்தை நட்டால் சோலை தப்பும் என்று கருதினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் நடுவதற்கு அவர்கள் தேர்ந்த இடம் புல்வெளி!

சீகை என்று நீலகிரி மக்கள் அழைக்கும் வாட்டில் மரத்தின் கதையும் அதுவே. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரங்களில் தோல் தொழில் செய்யும் நம் குடும்பங்களுக்கு வாட்டில் பட்டையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் துவர்ப்புச் சாரம் அதிலிருந்து கிடைக்கிறது. நாடு விடுதலை பெற்ற பின், அந்தப் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டான ரேயான் நூலுக்கு வேண்டிய மரக்கூழுக்காகவும் சீகையும் யூகலிப்டஸும் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. மலையில் வெட்டிய மரம் அடிவாரத்துச் சிறுமுகையில் கூழாகி நூலானது. நம் காலணியின் தோலிலும் நாம் உடுத்திய பளபளப்பான துணியிலும் நீலகிரியின் புல்வெளி ஒரு பங்கு கொடுத்திருக்கிறது. பழி வெள்ளைக்காரர் மேல் மட்டும் விழுவதற்கில்லை.

மலை எண்ணற்றோருக்குச் சோறு போட்டதையும் மறத்தல் ஆகாது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மறுவாழ்வு தருவதற்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கே தொடங்கப்பட்டன. கொழுந்து கிள்ளும் அந்தக் கைகளின் உழைப்பைத்தான் நாள்தோறும் காலையில் நாம் அருந்துகிறோம். ஆகவே நட்டதையெல்லாம் பிடுங்கி எறியுங்கள் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எதை இழந்து எதைப் பெற்றோம் என்பதையேனும் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

படத்தில் பெயரில்லாமல் நிற்பவர்கள்

பழைய நீலகிரிப் படங்களில் அடிக்கடி காண்பவர்கள் தோடர் இன மக்கள். வளைந்த கூரையுள்ள குடிசையின் முன் போர்வை போர்த்து நிற்பார்கள். அருகில் கொம்பு வளைந்த எருமைகள். பின்னால் எல்லையின்றி விரியும் புல்வெளி. பெரும்பாலான படங்களில் அவர்களுக்குப் பெயர் இல்லை. ‘தோடர்’ என்ற தலைப்பு மட்டுமே உண்டு. மலையைப் போலவும் எருமையைப் போலவும் அவர்களையும் ஒரு காட்சிப் பொருளாகவே அந்தக் கேமரா கண்டது. பென்னின் காலத்துக் கலையின் குறை இது. மறைக்க வேண்டியதில்லை.

எனினும் அப்படங்கள் தம்மை அறியாமலே ஓர் உண்மையைக் காட்டிவிட்டன. அம்மக்களின் வாழ்வு முழுவதும் புல்லோடு பிணைந்தது. எருமை மேய்வது புல்லில். குடிசையின் கூரை வேய்வதும், புனித இடமாக அவர்கள் போற்றும் பால்மனையின் கூரை வேய்வதும் மலைப்புல்லால். மலையை மாற்றாமல் மலையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். புல்வெளி சுருங்கியதும் முதலில் அவர்கள் வாழ்வுதான் சுருங்கியது. சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போர்வையில் இழைக்கும் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கூரைக்கு வேண்டிய புல்லை நெடுந்தொலைவு சென்று தேட வேண்டிய நிலை வந்துவிட்டது.

கறுப்பு வெள்ளையில் ஒரு பிடிவாதம்

மலைக்கும் காட்டுக்கும் சொந்தமான ஒரு முகம் உண்டு, அதை அலங்கரிக்கிறோம் என்று சொல்லிக் கெடுக்கலாகாது என்று நம் நாட்டில் வாழ்நாள் முழுவதும் வாதாடிய ஒரு புகைப்படக் கலைஞர் தமிழர் என்பது நமக்குப் பெருமை. அவர்தான் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். மாநிலக் கல்லூரியில் அவருக்குத் தாவரவியல் கற்பித்த பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் வளரும் செடிகொடிகளைப் பற்றிப் படங்களுடன் விரிவான நூல் எழுதியவர். அந்த ஆசிரியரோடு மாணவர் கிருஷ்ணனும் அம்மலைகளில் நடந்தார். ஆசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றார். மலையைப் பார்க்கும் கண் அவருக்கு அங்கே திறந்தது எனலாம்.

பிற்காலத்தில் அவர் கேமராவோடு மிகுதியாகத் திரிந்த காடுகளுள் நீலகிரியின் வடக்குச் சரிவில் இருக்கும் முதுமலையும் ஒன்று. 1940-இல் சரணாலயமான அக்காட்டில் வளர்ப்பு யானைமேல் அமர்ந்து காட்டு யானைகளைப் படம் பிடித்தார். நாடு முழுவதும் வண்ணப்படத்துக்கு மாறிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. ஒரு கேமராவின் உடலையும் வேறொன்றின் தொலைநோக்கு லென்சையும் தாமே இணைத்து ஒரு கருவி செய்து வைத்திருந்தார். கூண்டில் அடைபட்ட விலங்கைப் படமெடுப்பது அவர் வழியன்று. அவர் படங்களில் யானையோடு அது நிற்கும் காடும், அது ஒடித்துத் தின்னும் மூங்கிலும் சேர்ந்தே இருக்கும். விலங்கை அதன் இடத்திலிருந்து பிரித்தால் பாதி உண்மைதான் மிஞ்சும் அல்லவா?

அழகுக்காக அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் ஓயாமல் எதிர்த்தார். ஒரு நாட்டின் முகம் அதன் சொந்த மரமும் செடியும் விலங்கும்தான் என்பது அவர் கொள்கை. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 46 ஆண்டுகள் இடைவிடாமல் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். பத்மஸ்ரீ விருது பெற்றார். 1996 பிப்ரவரி 18-ஆம் நாள் மறைந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் பளிச்சிடும் வண்ணம் கண்ணை ஏமாற்ற வழியில்லை. எது ஒளி, எது நிழல், எது எங்கே நிற்கிறது என்பதே தெரியும்.

கறுப்பு வெள்ளைக்கும் உதகைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. தூசியற்ற காற்றும் தூய நீரும் படச்சுருள் செய்ய இன்றியமையாதவை. அதனாலேயே 1960-இல் அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உதகையில் நிறுவப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருளும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுள் பல அந்தச் சுருளில் பதிந்தவையே. டிஜிட்டல் காலம் வந்ததும் அத்தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. நம் முகங்களைப் பதிவு செய்யத் தன் நீரையும் காற்றையும் தந்த மலை அது.

படம் கணக்கான கதை

இக்காலத்தில் இதே பணியைத் தொடர்பவர்களுள் இயான் லாக்வுட் குறிப்பிடத்தக்கவர். கொடைக்கானலில் பள்ளிக்கல்வி பெற்ற அமெரிக்கரான இவர் கொழும்பில் ஆசிரியப் பணி ஆற்றியவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளையும் புல்வெளிகளையும் பல ஆண்டுகளாகக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து வருகிறார். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்பவருக்கு, சென்ற முறை புல்லாக இருந்த இடத்தில் இம்முறை சீகைக் காடு நிற்பது தெரியாமல் போகுமா?

அந்தக் கண்கூடான மாற்றத்தைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்தார்கள் அரசுமணி முதலான ஆய்வாளர்கள். லாக்வுட்டும் பங்குகொண்டு 2018-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டதென்று காட்டியது. மேற்குத் தொடர்ச்சியின் உயர்ந்த மலைகள் அனைத்தையும் அளந்து 2019-இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, 1973-க்கும் 2017-க்கும் இடையில் புல்வெளியில் சுமார் 340 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 23 சதவீதம், பறிபோயிற்று. மிகுதியாக இழந்த மலைகளுள் நீலகிரியும் ஒன்று. நடுவதை நிறுத்திய பிறகும் சீகை தானாகவே விதை பரப்பிப் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. சோலைகளுக்கு அந்த அளவு சேதம் நேரவில்லை. மரத்தைக் காக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருந்தது. புல்லைக் காக்க வேண்டும் என்று தெரியவில்லை.

நம் வீட்டுக் குழாயில்

‘புல் போனால் நமக்கென்ன?’ என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

மலைப்புல்லின் அடர்ந்த வேர்களும் அதன் கீழே உள்ள கரிய மண்ணும் மழையையும் பனியையும் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டு, மழையில்லா மாதங்களிலும் சிறுகச் சிறுகக் கசிய விடுகின்றன. உதகையில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கன் என்னும் இடத்தில் அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்பு நிலங்களைத் தேர்ந்தார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றதில் யூகலிப்டஸ் நட்டார்கள். இரண்டிலிருந்தும் வழிந்த நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட நிலத்திலிருந்து வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. அம்மரத்தை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைத்த அடுத்த சுற்றில் சுமார் 25 சதவீதம் குறைந்தது.

பவானியும் மோயாறும் பைக்காராவும் பிறப்பது இந்த மேல்மலையில்தான். பைக்காரா நீர் 1932 முதல் மின்சாரம் தந்து வருகிறது. மோயாறு பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. மேட்டுப்பாளையத்திலும் சத்தியமங்கலத்திலும் ஈரோட்டிலும் வயலுக்குப் பாயும் நீரும் வீட்டுக் குடத்தில் நிறையும் நீரும் அந்தப் ‘தரிசு’ நிலத்தின் கொடை. பென்னின் படத்தில் வெறுமையாகத் தோன்றிய வெளி உண்மையில் நிறைந்த நீர்த்தொட்டி. நிறைந்ததை வெறுமை என்று நினைத்ததுதான் நாம் செய்த பிழை.

அடுத்த முறை உதகை சென்றால்

இந்த உண்மையை அறிந்தபின் உதகைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. பார்வையை மாற்றிக்கொண்டு போனால் போதும். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. மலையால் தாங்க முடிந்த கூட்டத்துக்கும் ஓர் அளவு உண்டு என்பதே அதன் பொருள்.

ஏரியையும் பூங்காவையும் பார்த்தபின் பைக்காரா செல்லும் சாலையில் சற்றுத் தொலைவு போங்கள். சினிமாப் படப்பிடிப்புகளால் ‘ஷூட்டிங் மட்டம்’ என்று பெயர் பெற்ற புல்வெளி வரும். பாட்டுக் காட்சி எடுத்த இடம் என்று மட்டும் பார்க்காமல், “நீலகிரியின் பழைய முகம் இதுதான், இந்தப் புல்லுக்குள்தான் ஆறு இருக்கிறது” என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறையை அங்கே வீசாமல் கையோடு திரும்பக் கொண்டு வருவதையும் அவர்களுக்குப் பழக்குங்கள்.

இன்னொரு காரியமும் செய்யலாம். பல குடும்பங்களில் அத்தா, அம்மா காலத்து உதகைப் படம் ஒன்று ஆல்பத்தில் இருக்கும். திருமணமான புதிதில் போனதாகவோ, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எடுத்ததாகவோ இருக்கலாம். அதை எடுத்து, இம்முறை ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் தெரியும் மலையைப் பாருங்கள். அதே இடத்தில் நின்று இன்று ஒரு படம் எடுத்து இரண்டையும் அருகருகே வையுங்கள். எந்தச் சரிவு புல்லாக இருந்தது, எங்கே கட்டடம் முளைத்தது, எங்கே மரம் அடர்ந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறவாமல் அந்தப் படத்தின் பின்புறம் இடத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பென்னின் படங்கள் இன்று சாட்சி சொல்வதற்குக் காரணம், அவை எங்கே, எக்காலத்தில் எடுக்கப்பட்டவை என்று நம்மால் அறிய முடிவதுதான். மலை நமக்கு முன்னிருந்தோர் வழியாக நம் கைக்கு வந்த அமானிதம். அது எந்த நிலையில் நம்மிடம் வந்தது என்பதற்கு ஒரு குறிப்பாவது நம் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்ச வேண்டாமா?